ரங்கூனுக்கு ஒரு கோல்

தொண்ணூறுகளில் புலம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்குத் தொலைபேசி எத்தகைய பொருள் என்று விளக்கத் தேவையில்லை. 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தொலைபேசி இல்லாமற் போயிற்று. அம்மாவின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் அம்மா வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வரவேண்டும். லொட்ஜ் ஒன்றில் நின்று, கடிதத்தில் குறித்த நாளில், குறித்த நேரத்தில், நாங்கள் எடுக்கப்போகும் கோலுக்காகக் காத்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நாங்கள் ரெலிபோன் காட்டைச் சுரண்டி, அதன் நீண்ட இலக்கங்களை அழுத்திக்கொண்டு நிற்போம். கிடைத்த பத்து நிமிடத்தில் பாதி "கேக்குதா, கேக்குதா" என்பதில் போய்விடும். மீதியில் அழுகை கொஞ்சம், காசு அனுப்பிய விபரம் கொஞ்சம்.

இது எங்களுக்கு மட்டுமே விதிக்கப்பட்டது என்று அப்போது நினைத்திருந்தோம். ஆனால் எங்களுக்கு முன்பே, எங்களைவிட நீண்ட காலம், ஒலிக்காத தொலைபேசிக்கு இரு பக்கத்திலும் இருந்த தமிழர்கள் உண்டு. அவர்கள் பர்மாத் தமிழர்கள். ரங்கூனில் தொலைபேசி எப்படிக் கம்பியிலிருந்து இணையத்துக்கு மாறியது என்ற கதையைக் கேட்டால், அது ஒரு தொழில்நுட்ப மாற்றத்தின் கதைபோலத் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் அது யார் யாரோடு பேசலாம் என்பதை யார் தீர்மானிப்பது என்ற கதை. அந்தக் கேள்வி எங்களுக்கும் புதிதல்ல.

*

1852இல் பிரித்தானியர் ரங்கூனைக் கைப்பற்றிய பிறகு அந்த நகரம் வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையிலிருந்து வந்தவர்களால் நிரம்பியது. 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது ரங்கூனில் வாழ்ந்த சுமார் 4 இலட்சம் பேரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். துறைமுகத்தில் தெலுங்கர், வயல்களிலும் ஆலைகளிலும் தமிழர், அலுவலகங்களில் வங்காளிகள், மொகல் தெருவின் கிட்டங்கிகளில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் என்று அது ஒரு கலவையான நகரம். செட்டியார்களின் பெட்டியடி முகவர் மூன்று ஆண்டுக்கு ஒரு தவணை என்று வந்து போவார். ஊரிலிருந்து முதலாளியின் கடிதம் வரும், அவசரமென்றால் தந்தி வரும். பான்சோடான் தெரு முனையிலே இன்றும் நிற்கிற மத்திய தந்திக் கட்டடம் அந்தக் காலத்தின் மிச்சம். தொலைபேசியும் இருந்தது. ஆனால் அது கம்பனிக்காரருக்கும் அரசாங்கத்துக்கும் பெரிய வீடுகளுக்கும் உரியது. கூலிக்கு வந்தவரின் குரல் கடலைத் தாண்ட வழியில்லை. அவருக்கு இருந்தது தபாலட்டை. அதையும் எழுதத் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுக்கவேண்டும்.

1941 டிசெம்பர் 23இல் யப்பானிய விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு போட்டன. அதையடுத்த மாதங்களில் ஏறத்தாழ 5 இலட்சம் இந்தியர் வடக்கே மலைகளையும் காடுகளையும் கடந்து, அல்லது கப்பலில், வெளியேறினார்கள். நடந்து வந்தவர்களில் எத்தனை ஆயிரம் பேர் வழியில் விழுந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கே கிடையாது. போருக்குப் பிறகு ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள். 1962 மார்ச் 2இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டன. அதே ஆண்டு மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டது. கடையும் போய்க் கையிலிருந்த காசும் போனபின் சுமார் 3 இலட்சம் இந்திய வம்சாவளியினர் கப்பலேறினார்கள். சென்னைக் கடற்கரையை ஒட்டிய பர்மா பசாரும், வியாசர்பாடி போன்ற இடங்களில் எழுந்த குடியிருப்புகளும், தெருவோர வண்டியில் விற்கும் அத்தோவும் அந்தப் பெயர்வின் அடையாளங்கள்.

எல்லோரும் போய்விடவில்லை. அண்ணன் கப்பலேறத் தம்பி நின்றான். பெற்றோர் போக, பர்மியரை மணந்த மகள் நின்றாள். இப்படிப் பிரிந்த குடும்பங்கள் ஏராளம். பிரிந்தவர்களுக்கிடையே கடிதம் மட்டுமே இருந்தது. அந்தக் கடிதத்துக்கும் ஒரு கேடு வந்தது. அறுபதுகளின் நடுப்பகுதியில் தனியார் பள்ளிகள் அரசுடைமையாயின. தமிழில் வந்துகொண்டிருந்த நாளேடுகள் நின்றுபோயின. அதன் பிறகு ரங்கூனில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து கோயிலிலோ வீட்டிலோ யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு. பேச்சு வீட்டில் இருந்தது, எழுத்து போய்க்கொண்டிருந்தது. ஒரு தலைமுறை கழித்துப் பார்த்தால், தமிழ்நாட்டிலிருந்து மாமா எழுதும் கடிதத்தை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் பாட்டிதான். பாட்டி கண்ணை மூடிய நாளோடு பல வீடுகளில் கடிதப் போக்குவரத்தும் முடிந்துபோயிற்று. இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுத்தை இழந்த ஒரு சமூகத்துக்குக் குரல்தான் கடைசி நூல். அந்த நூலைத் தரக்கூடிய கருவி தொலைபேசி. அதுவோ அரசின் கையில் இருந்தது.

*

இராணுவ ஆட்சியின் பல பத்தாண்டுகளில் பர்மாவில் வீட்டுத் தொலைபேசி என்பது ஒரு சலுகை. விண்ணப்பம் கொடுத்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர் மறைமுகமாகப் பெருந்தொகை கொடுத்து வாங்கவேண்டும். 2010ஆம் ஆண்டளவில்கூட நூறு பேருக்கு ஓரிரு இணைப்புகளுக்கு மேல் அந்த நாட்டில் இருக்கவில்லை. கைத்தொலைபேசிக்கான சிம் அட்டையின் விலை 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பல ஆயிரம் அமெரிக்க டொலர். ஒரு சிறு அட்டைக்கு ஒரு காரின் விலை என்றால் எங்கள் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

அந்தப் பஞ்சத்துக்கு ரங்கூன் மக்கள் கண்ட மருந்து நடைபாதை மேசை. வீட்டுக்கு வரும் இணைப்பை வாசல்வரை நீட்டி, ஒரு சிறு மேசைமேல் இரண்டு மூன்று தொலைபேசிகளை வைத்து, கையில் கடிகாரத்தோடு ஒரு பெண் இருப்பாள். நிமிடக் கணக்கில் காசு. வெற்றிலைக் கடைக்கும் தேநீர்க்கடைக்கும் இடையில் நின்று, பேருந்து இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, வியாபாரமும் சாவுச் செய்தியும் காதலும் பேசப்பட்டன. எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசவேண்டும். அரசு ஒட்டுக் கேட்கிறதா என்ற பயம் வேறு. எங்கள் ஊர்த் தபாற்கந்தோர் ரெலிபோனை நினைத்துப் பாருங்கள், இதுவும் அதுபோலத்தான்.

இவை உள்ளூர் அழைப்புகள். வெளிநாட்டுக்கு எடுப்பதென்றால் நிமிடத்துக்குச் சில டொலர் வேண்டும். ஒரு கூலித் தொழிலாளியின் பல நாள் உழைப்பு ஒரு "சுகமா இருக்கிறீங்களா"வுக்குப் போய்விடும். ஆகவே பர்மாத் தமிழர் குடும்பங்களில் கடல்கடந்த தொலைபேசி மரணத்துக்கு மட்டும் என்று ஆயிற்று. மணி அடித்தாலே வீடு நடுங்கியது.

கருவியை வைத்திருப்பதே குற்றமாகும் நாடு அது. அதற்கு ஓர் உதாரணம் போதும். ஜேம்ஸ் லியாண்டர் நிக்கொல்ஸ் என்பவர் ரங்கூன்வாசி. நோர்வே, டென்மார்க், பின்லாந்து, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளின் நலன்களை அங்கே கவனித்த கௌரவத் தூதர். ஆங் சான் சூ கியின் குடும்ப நண்பர். 1996இல் அவர் கைது செய்யப்பட்டார். அவர் வீட்டில் அனுமதியில்லாமல் இரண்டு தொலைநகல் கருவிகளும் ஒன்பது இணைப்புகளுக்கான சுவிச்போட் ஒன்றும் இருந்தன என்பது குற்றச்சாட்டு. பிரித்தானியர் காலத்து 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தை எடுத்து அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தார்கள். அந்த யூன் மாதம் காவலில் இருந்தபோதே அவர் இறந்துபோனார். அதே ஆண்டு செப்ரெம்பரில் வந்த கணனி விஞ்ஞான அபிவிருத்திச் சட்டம், அனுமதியின்றிக் கணனி வலைப்பின்னலில் இணையும் கருவிகளை வைத்திருப்பவருக்கு 7 முதல் 15 ஆண்டுவரை சிறை என்றது. நாட்டுக்குள் இணையம் சரியாக வந்து சேர்வதற்கு முன்னரே அதற்கான சிறைத்தண்டனை வந்து சேர்ந்துவிட்டது.

*

இணையத் தொலைபேசியை ஏன் அரசுகள் அஞ்சுகின்றன என்பதற்கு அதன் வேலைமுறையைச் சற்றுப் பார்க்கவேண்டும். பழைய தொலைபேசியில் இருவர் பேசும்வரை அவர்களுக்கென்று ஒரு பாதை திறந்து வைக்கப்படுகிறது. பேசினாலும் மௌனமாக இருந்தாலும் அந்தப் பாதை அவர்களுடையது. அதனால்தான் தூரத்துக்கும் நேரத்துக்கும் காசு. பாதை மாறுமிடத்தில் அரசு உட்கார்ந்திருக்கிறது. அதுவே வழிப்போக்கரிடம் ஆயம் வாங்கும்; வேண்டுமென்றால் வழியையும் மறிக்கும்.

இணையத் தொலைபேசியில் குரல் சிறுசிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டின் முதுகிலும் போகவேண்டிய முகவரி எழுதப்படுகிறது. பிறகு அது கடிதம், படம், செய்தி என்று போகும் மற்ற எல்லாத் துண்டுகளோடும் சேர்ந்து, கிடைத்த பாதையில் போய், மறுமுனையில் மீண்டும் குரலாக ஒட்டப்படுகிறது. ரங்கூனிலிருந்து பக்கத்துத் தெருவுக்குப் போவதும் ரொறன்ரோவுக்குப் போவதும் அதற்கு ஏறத்தாழ ஒன்றே. இஸ்ரேலிய நிறுவனம் ஒன்று 1995இல் இதற்கான முதல் வணிக மென்பொருளை விற்கத் தொடங்கியது. 2003இல் ஸ்கைப் வந்தது. எங்களில் பலர் ரெலிபோன் காட்டைக் கைவிட்டது அதற்குப் பிறகுதான். அந்த ஸ்கைப்பும் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது என்பது வேறு கதை.

ரங்கூனுக்கு இந்த வித்தை இணையக் கடைகள் வழியாக வந்தது. 2000களின் நடுப்பகுதியில் நகரமெங்கும் கடைகள் முளைத்தன. தணிக்கைச் சுவரைத் தாண்டும் குறுக்குவழிகளைக் கடைப் பையன்கள் அறிந்திருந்தார்கள். காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனோடும் மலேசியாவில் இருக்கும் தம்பியோடும் ஒரு மணி நேரம் பேச ஒரு தேநீரின் விலை அளவு காசே போதுமாயிற்று. கூகிள் ரோக் என்ற பெயர் அங்கே இணையத்துக்கே மறுபெயராக இருந்தது.

2007 செப்ரெம்பரில் பிக்குகள் தெருவுக்கு வந்தபோது இந்தக் கடைகளிலிருந்துதான் படங்களும் காட்சிகளும் வெளியே போயின. 27ஆம் திகதி சூலே விகாரைக்கு அருகில் யப்பானியப் படப்பிடிப்பாளர் கென்ஜி நகாய் சுட்டுக் கொல்லப்பட்டதை உலகம் பார்த்தது. ஓரிரு நாளில் நாடு முழுவதற்கும் இணையம் நிறுத்தப்பட்டது. ஒரு முழு நாட்டின் இணையத்தையே அரசு நிறுத்தும் வழக்கத்தின் முன்னோடிச் சம்பவங்களில் அது ஒன்று.

பிறகு 2011 மார்ச்சில் இன்னொன்று நடந்தது. இணையக் கடைகளிலிருந்து வெளிநாட்டுக்குக் குரல்வழி பேசக்கூடாது என்று அரசு உத்தரவிட்டது. இதற்குச் சொல்லப்பட்ட காரணம் வருமானம்: மக்கள் இணையத்தில் பேசுவதால் அரசின் வெளிநாட்டுத் தொலைபேசி வருவாய் குறைகிறதாம். காசும் கட்டுப்பாடும் அங்கே ஒரே கம்பியில்தான் ஓடின. ஆனால் அந்த உத்தரவு அணையில்லாத ஆற்றில் போட்ட வேலிபோல ஆயிற்று.

*

2010 நவம்பர் 13இல் ஆங் சான் சூ கி வீட்டுக்காவலிலிருந்து விடுவிக்கப்பட்டபோது, தம் மகனோடு பேசக் கையில் கொடுக்கப்பட்ட கைத்தொலைபேசியே அவர் வாழ்வில் முதன்முதல் தொட்ட கைத்தொலைபேசி. அவருடைய நாடும் அதே நிலையில்தான் நின்றது. அதற்குப் பின் நடந்தவை மிக வேகமாக நடந்தன. 2012இல் சிம் அட்டை சில நூறு டொலருக்கு இறங்கியது. 2013 ஏப்ரலில் 1500 சாட் விலையில், அதாவது இரண்டு டொலருக்கும் குறைவாக, 3,50,000 அட்டைகளைக் குலுக்கல்முறையில் அரசு விற்றது. அதே ஆண்டு ஒக்ரோபரில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. கட்டார் நாட்டின் ஊரிடூ 2014 ஓகஸ்டிலும், நோர்வேயின் ரெலிநோர் அதற்கடுத்த மாதத்திலும் சேவையைத் தொடங்கின. 2018இல் வியற்நாமிய இராணுவ நிறுவனமும் பர்மிய இராணுவமும் பங்காளிகளாக மைரெல் வந்தது.

மற்ற நாடுகள் வீட்டுத் தொலைபேசி, பொத்தான் கைத்தொலைபேசி, பிறகு இணையக் கைத்தொலைபேசி என்று படிப்படியாகப் போயின. பர்மியரில் பெரும்பாலானோருக்கு நடுப்படிகள் கிடைக்கவே இல்லை. வீட்டில் தொலைபேசியே கண்டிராத ஒருவர் ஒரே தாவலில் கையகல இணையத்தைப் பெற்றார். சில ஆண்டுகளுக்குள் சிம் அட்டைகளின் எண்ணிக்கை மக்கள்தொகையை எட்டிவிட்டது. நடைபாதை மேசைகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. அதே இடங்களில் சிம் அட்டையும் மீள்நிரப்பு அட்டையும் விற்கும் குடைகள் விரிந்தன. பேசுவதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது வைபர். குறைந்த வேகத்திலும் அது ஓடியது, காசில்லாமலும் ஓடியது.

பர்மாத் தமிழர் வீடுகளுக்கு இது என்ன செய்தது என்பதைப் பற்றி யாரும் புள்ளிவிபரம் எடுக்கவில்லை. ஆனால் காரணகாரியம் தெளிவு. கடிதம் எழுத்தைக் கேட்டது. தொலைபேசி காசைக் கேட்டது. எழுத்தும் இல்லாமல் காசும் இல்லாமல் இருந்தவர்களை இணையத் தொலைபேசி எதுவும் கேட்காமல் உள்ளே விட்டது. தமிழில் ஒரு வரி எழுதத் தெரியாத ரங்கூன் பேரன், தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருக்கும் பெரியப்பாவோடு அரை மணி நேரம் தமிழில் பேசலாம். அவனுடைய தமிழில் அறுபதுகளில் கப்பலேறாமல் நின்றுவிட்ட ஊர்ச் சொற்கள் அப்படியே இருக்கும், நடுநடுவே பர்மியச் சொல் விழும். பெரியப்பாவின் தமிழில் ஆங்கிலம் விழும். சிரித்துக்கொண்டு விளங்கிக்கொள்வார்கள். எங்கள் ஒஸ்லோப் பிள்ளை சுன்னாகத்து அப்பம்மாவோடு பேசுவதும் இதே தமிழில்தான்.

ஆனால் வந்த இணையம் குரலை மட்டும் கொண்டுவரவில்லை. வெறுப்புக்கும் அது அதே வேகத்தைத் தந்தது. இந்திய முகம் கொண்டவர்களைப் பர்மியத்தில் "கலா" என்று இழித்துச் சொல்வதுண்டு. 1930இலும் 1938இலும் ரங்கூன் தெருக்களில் இரத்தம் சிந்தவைத்த கலவரங்களின் நெடி அந்தச் சொல்லில் இன்னும் உண்டு. அது பேஸ்புக்கில் பெருகியது. 2017இல் அந்நிறுவனம் அச்சொல்லைத் தடைசெய்யப் போய், அதைக் கண்டித்து எழுதியவர்களின் பதிவுகளையும் சேர்த்து நீக்கியது. அதே ஆண்டு ஓகஸ்ட் முதல் 7 இலட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் வங்காளதேசத்துக்குத் துரத்தப்பட்டார்கள். வன்முறையைத் தூண்டத் தமது தளம் பயன்படுவதைத் தடுக்கப் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று பேஸ்புக் 2018 நவம்பரில் ஒப்புக்கொண்டது. அந்த மக்கள் துரத்தப்பட்டபோது ஆட்சியில் இருந்தவர், 2010இல் முதற்கைத்தொலைபேசியில் மகனோடு பேசிய அதே அம்மையார். 2019 டிசெம்பரில் அவர் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்கே போய்த் தம் இராணுவத்துக்காக வாதாடினார். 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தபோது இலங்கை அரசு பேஸ்புக்கையும் வைபரையும் சில நாட்கள் நிறுத்தியது எங்களுக்கு நினைவிருக்கும். ஊட்டிய வெறுப்பை ஆண்டுக்கணக்காக விட்டுவிட்டு, கடைசி நாளில் எல்லோருடைய வாயையும் சேர்த்து மூடுவது எல்லா அரசுகளுக்கும் கைவந்த வழக்கம்.

*

2021 பெப்ரவரி 1ஆம் திகதி விடியுமுன் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. ரங்கூனிலும் நேபிடோவிலும் தொலைபேசியும் இணையமும் அறுந்தன. 4ஆம் திகதி பேஸ்புக் தடைசெய்யப்பட்டது. 6ஆம் திகதி நாடு முழுவதற்கும் இணையம் நிறுத்தப்பட்டு அடுத்த நாள் திரும்பியது. பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஒவ்வொரு இரவும் 1 மணி முதல் காலை 9 மணிவரை நிறுத்தம். கைதுகள் இரவில்தான் நடந்தன. மார்ச் நடுவில் கைத்தொலைபேசி இணையம் போயிற்று. ஏப்ரல் தொடக்கத்தில் கம்பியில்லா இணையம் முழுவதும் போயிற்று. மிஞ்சியது வீட்டுக்குள் கம்பியாக வரும் ஒளியிழை இணைப்பு மட்டுமே. அது வசதியுள்ள சிலரிடம்தான் இருந்தது. கம்பியைக் கடந்து வந்துவிட்டோம் என்று நினைத்த நகரம் மறுபடியும் கம்பி உள்ள வீட்டைத் தேடி நடந்தது. பக்கத்து வீட்டுக்குப் போய், கதவைத் தட்டி, "ஒரு கோல் எடுக்கலாமா" என்று கேட்கும் காலம் திரும்பிவந்தது.

ஆட்சியைப் பிடித்தவர்கள் சூ கியின்மேல் சுமத்திய முதற்குற்றச்சாட்டுகளில் ஒன்று, வீட்டில் சட்டவிரோதமாக இறக்குமதி செய்த வோக்கி ரோக்கிகள் இருந்தன என்பது. 1996இல் நிக்கொல்சின் வீட்டில் தொலைநகல், 2021இல் சூ கியின் வீட்டில் வோக்கி ரோக்கி. இருபத்தைந்து ஆண்டில் கருவி மாறியது. குற்றப்பத்திரிகை மாறவில்லை.

நோர்வேயில் வாழும் எங்கள் வாசகர்களுக்கு இந்தக் கதையில் தனிப் பங்கு உண்டு. நிக்கொல்ஸ் நோர்வேயின் நலன்களைக் கவனித்தவர். ரெலிநோரில் பாதிக்கு மேற்பட்ட பங்கு நோர்வே அரசுக்கு உரியது. அங்கே வாழும் எங்களவரின் வரிப்பணமும் அந்த அரசின் பணத்தில் சேர்கிறது. பர்மாவில் சுமார் 1 கோடி 80 இலட்சம் வாடிக்கையாளரை அது சேர்த்திருந்தது. ஒட்டுக்கேட்கும் கருவியைப் பொருத்தும்படி வந்த நெருக்குதலை ஏற்கமுடியாது என்று சொல்லி, 2021 யூலையில் தன் பர்மியக் கிளையை 10.5 கோடி டொலருக்கு விற்பதாக அறிவித்தது. வாங்கியது லெபனானைச் சேர்ந்த எம்1 குழுமம். உள்ளூர்ப் பங்காளியாக வந்தது இராணுவத்தோடு தொடர்புள்ளதாகச் சொல்லப்படும் ஒரு நிறுவனம். 2022 மார்ச்சில் கைமாற்றம் முடிந்தது. யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற பதிவுகளும் கம்பனியோடு கைமாறும், அதனால் உயிர்கள் போகலாம் என்று பர்மிய அமைப்புகள் கூக்குரலிட்டன. மனச்சாட்சியோடு வெளியேறுவதற்கும் மனிதர்களைக் கைவிட்டு வெளியேறுவதற்கும் இடையிலுள்ள கோடு எங்கே இருக்கிறது? ஒஸ்லோவின் நடுவர்களை ஒரு காலம் நம்பியிருந்த எங்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கிறது.

ஊரிடூவும் தன் கிளையை விற்று 2024இல் வெளியேறியது. அதற்கு முன்பே, 2022 சனவரியில், புதிய சிம் அட்டை ஒவ்வொன்றுக்கும் 20,000 சாட் வரி விதிக்கப்பட்டு, இணையக் கட்டணமும் உயர்த்தப்பட்டது. 2024 மே இறுதியிலிருந்து தடையைத் தாண்ட உதவும் வீ.பீ.என். செயலிகள் முடக்கப்பட்டன, தெருவில் மறித்துக் கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்தார்கள். 2025 தொடக்கத்தில் வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் அனுமதியின்றி வீ.பீ.என். சேவை வழங்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று.

மோரே என்ற ஊரை இங்கே சொல்லாமல் விடமுடியாது. மணிப்பூர் எல்லையில், பர்மாவின் தாமுவுக்கு எதிரே உள்ளது அது. அறுபதுகளில் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்ட தமிழரில் சிலர் அங்கே பிழைக்கமுடியாமல், பர்மாவுக்கே நடந்து திரும்பிவிடலாம் என்று புறப்பட்டு, எல்லை மறிக்கப்பட்டதால் தங்கிவிட்ட இடம். அங்கே கோயிலும் தமிழ்ச் சங்கமும் உண்டு. 2021 செப்ரெம்பர் முதல் எல்லைக்கு அப்பால் சகாயிங் பகுதியின் பல இடங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. 2023 மே மாதம் மணிப்பூர் எரிந்தபோது மாநில அரசு அங்கே மாதக்கணக்கில் கைத்தொலைபேசி இணையத்தை நிறுத்தியது. ஒரு பக்கம் இராணுவ ஆட்சி, மறுபக்கம் மக்களாட்சி. நடுவில் இருந்த தமிழருக்கு இரண்டு பக்கமும் ஒரே மௌனம்.

*

பழைய கம்பித் தொலைபேசியே நல்லது என்று இதிலிருந்து நாங்கள் சொல்ல வரவில்லை. அந்தக் கம்பி பெரும்பாலான மக்களுக்கு வரவே இல்லை. தராத ஒன்றை அரசு நிறுத்தவேண்டியதும் இல்லை. இணையத் தொலைபேசி வந்ததால்தான் நிறுத்தம் என்பதையே மக்கள் இழப்பாக உணர்ந்தார்கள், அதை எதிர்த்தார்கள். ஒரு தலைமுறை பேசிப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தைப் பிடுங்குவது எளிதல்ல என்பதை ரங்கூன் காட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இரண்டு விடயங்களை மனத்தில் வைக்கவேண்டும். குரலைத் துண்டாக்கி ஆயிரம் பாதையில் அனுப்பலாம் என்றாலும், நாட்டைவிட்டு வெளியேறும் வாசல்கள் சிலவே. அவற்றின் திறப்பு சிலர் கையிலேயே இருக்கிறது. அந்தத் திறப்பு கம்பனிகளிடம் இருந்தால் அவர்கள் ஒருநாள் விற்றுவிட்டுப் போவார்கள். அரசிடம் இருந்தால் பூட்டும். இது ஒன்று. மற்றது, பேச்சு மிச்சம் வைப்பதில்லை. 1964இல் கப்பலேறியவர்களின் தகரப்பெட்டிகளில் கடிதங்கள் கிடக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு வரலாற்றை எழுதலாம். நாங்கள் வைபரில் பேசிய ஆயிரம் மணி நேரத்திலிருந்து எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வரியும் கிடைக்கப்போவதில்லை. எழுத்து தெரிந்தவர்கள் எழுதிவைக்கவும் வேண்டும். இந்தச் சஞ்சிகைகளை நாங்கள் இன்னும் விடாமல் நடத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக ஒன்று. கம்பித் தொலைபேசி வீட்டுக்கு உரியது. இலக்கம் சுவருக்குள் இருந்தது. வீட்டை விட்டுப் போனவர் இலக்கத்தையும் விட்டுப் போனார். ஆளில்லாத வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். இணையத் தொலைபேசி ஆளுக்கு உரியது. 2024 பெப்ரவரியில் கட்டாய இராணுவ சேவை அறிவிக்கப்பட்ட பின் எல்லை கடந்து தாய்லாந்துக்கு ஓடிய இளைஞர்கள் ரங்கூன் இலக்கத்திலேயே வைபரில் பேசுகிறார்கள். இலக்கம் ஊரில், ஆள் எங்கோ. முன்பெல்லாம் தொலைபேசியைத் தூக்கியதும் "ஆர் கதைக்கிறது?" என்று கேட்டோம். இப்போது ஆரென்று தெரியும், முகமும் தெரியும். அதனால் முதற்கேள்வி மாறிவிட்டது. ரங்கூன் தமிழரும் கேட்பது அதுதான், நாங்களும் கேட்பது அதுதான்.

"இப்ப எங்க நிக்கிறாய்?"